உலக்கை கற்றுத் தரும் பாடம்

“எங்கள் தெருவில் விளக்கு எரிகிற வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் பூட்டுத்தான். பேத்தி கல்லூரி விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இருட்டிவிடுகிறது. ஆள் வேறு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாள். எவனாவது கையைப் பிடித்தால் என்ன செய்வாள்? படிப்பை நிறுத்திவிடலாமா என்று அவள் ஆத்தா கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி இப்படி எழுதியிருக்கிறார்.

செட்டிநாட்டைப் பார்த்திராத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரிய வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும்; பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவே நீள நெடுகச் சுவர்தான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், பொங்கல் என்றால் கதவு திறக்கும். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடந்தால், அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே திரும்பிக் கேட்கும். ஆச்சியின் கவலை வீண் கவலை அல்ல.

ஆனாலும் ஆச்சி, படிப்பை நிறுத்தாதீர்கள். தப்பு செய்யக் காத்திருப்பவன் ஒருவன். தண்டனை உங்கள் பேத்திக்கா? தெருவிளக்கு வேண்டும் என்று மாநகராட்சிக்கு நாலு வீட்டார் சேர்ந்து மனுக் கொடுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு யாரையாவது அனுப்புங்கள். இத்தனையும் செய்த பிறகும், “ஈர்க்குச்சி” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி இந்த வாரம் பேசலாம்.

அடி பலமாக விழுவதற்குத் தடித்த புஜம் வேண்டும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பௌதிக சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. விஞ்ஞானம் காரைக்குடிக்குப் புதிதா என்ன? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அங்கே எழும்பியிருக்கிறது. ஆனால் நமக்கு இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டு மூலையில் சாத்தியிருக்கும் உலக்கை போதும்.

மூன்று கிலோ எடையுள்ள உலக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நெல்லின் மேல் சும்மா நிறுத்தினால் ஒரு மணி கூட உடையாது. ஒரு மீட்டர் உயரம் தூக்கிப் போட்டால்? நூறு சென்டிமீட்டர் விழுந்து வரும் உலக்கை, நெல்லில் ஒரு சென்டிமீட்டர் அமுங்கி நின்றுவிடுகிறது. நூறு சென்டிமீட்டரில் சேர்த்த சக்தியை ஒரே சென்டிமீட்டரில் செலவழிக்கிறது. நூறு நாள் சேர்த்த சிறுவாட்டுக் காசை ஒரே நாளில் சந்தையில் கொட்டுகிற மாதிரி! ஆகவே மூன்று கிலோ உலக்கை, அந்த ஒரு கணத்தில் சுமார் முந்நூறு கிலோ கனத்தைப் போல அழுத்துகிறது. அதே உலக்கை மெத்தையில் விழுந்து பத்து சென்டிமீட்டர் அமுங்கினால்? முப்பது கிலோதான். சக்தி அதேதான், அதைச் செலவழிக்கும் தூரம்தான் வேறு.

இதிலிருந்து நாலு பாடங்கள் கிடைக்கின்றன.

முதல் பாடம், வேகம். எடை இரு மடங்கானால் அடியின் சக்தி இரு மடங்கு. வேகம் இரு மடங்கானாலோ சக்தி நாலு மடங்கு. எடையைக் கூட்டுவது நம் கையில் இல்லை, வேகத்தைக் கூட்டலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கையை முறுக்கினால் வேகம் குறைந்துவிடும். முறுக்கிய சதை தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்கிறது. கை தளர்வாகக் கிளம்ப வேண்டும்; படுகிற கணத்தில்தான் இறுக வேண்டும்.

இரண்டாவது பாடம், தரை. உலக்கை குத்துகிறவர்கள் கையால் மட்டுமா குத்தினார்கள்? கால் சற்று அகன்றிருக்கும், முழங்கால் லேசாக மடங்கும், இடுப்பு இறங்கும், பிறகுதான் தோளும் கையும். வாயிலிருந்து “உஸ்” என்று மூச்சு வெளியே வரும். அடியின் பலம் பாதத்திலிருந்து கிளம்புகிறது. நாம் தரையைத் தள்ளுகிறோம். தரை நம்மைத் தள்ளுகிறது. பாசி பிடித்த ஊருணிப் படியில் நின்று நிறைகுடத்தைத் தூக்கிப் பாருங்கள். கால் வழுக்கினால் கைக்குப் பலம் ஏது? ஆகையால் பேத்தி முதலில் கற்க வேண்டியது கையை வீசுவதை அல்ல, நிற்பதை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தோள் அகலம் இடைவெளி, முழங்கால் சற்றே மடக்கம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளினாலும் விழுவதில்லையே, ஏன்? அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. அதே தத்துவம்தான்.

இப்படி நின்று இடுப்பைத் திருப்பிக் கையை நீட்டினால், அடியில் கையின் கனம் மட்டும் போவதில்லை. உடம்பின் கனமும் சேர்ந்து போகிறது. நாற்பத்தைந்து கிலோப் பெண் அடித்தாலும் தாங்குகிறவனுக்கு அது தெரியும்.

மூன்றாவது பாடம், பூண். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் எதற்கு? நசுங்காமல் இருப்பதற்கு. நம் கையில் பூண் எங்கே இருக்கிறது? எல்லோரும் முஷ்டியைக் காட்டுவார்கள். அது சரியல்ல. பழகாத முஷ்டியால் கெட்டியான தாடையில் குத்தினால் நம் விரல் எலும்புதான் முறியும். மணிக்கட்டும் மடங்கிவிடும், மெத்தையில் விழுந்த உலக்கை போல அடி அந்த மடக்கத்திலேயே செலவாகிவிடும். உள்ளங்கையின் அடிப்பாகம், அதாவது மணிக்கட்டை ஒட்டிய மேடு இருக்கிறதே, அதுதான் பூண். விரல்களைப் பின்னுக்கு வளைத்து, அந்த மேட்டால் மூக்கையோ மோவாயையோ நேராகத் தள்ளி அடிக்க வேண்டும். மிக நெருக்கத்தில் முழங்கையும் முழங்காலும் பூண்தான். பின்னாலிருந்து பிடித்தால் குதிகாலால் அவன் பாதத்தின் மேல் ஓங்கி மிதிக்கலாம். குதிகால் சிறிய இடம். முழு உடம்பும் அந்தச் சிறிய இடத்தின் வழியாக இறங்குகிறது. ஊசி துணியில் இறங்குவதும் இந்தக் கணக்கினால்தான்.

சாவிக் கொத்தை விரல் இடுக்கில் செருகிக்கொண்டு குத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பட்டவுடன் சாவி திரும்பி நம் விரலையே கிழிக்கும். கையில் குடை இருந்தால், அதை வீசாமல் இரண்டு கையாலும் உலக்கையைப் போலப் பிடித்து நுனியால் இடியுங்கள்.

நாலாவது பாடத்துக்கு உலக்கையை விட்டுவிட்டு உங்கள் வீட்டுத் தேக்குக் கதவுக்கு வாருங்கள், ஆச்சி. அத்தனை பெரிய கதவைக் கீல் பக்கம் நின்று தள்ளினால் இரண்டு ஆள் வேண்டும். ஓரத்தில் தள்ளினால் குழந்தை கூடத் திறந்துவிடும். கையைப் பிடித்தவனிடமிருந்து விடுபடுவதும் இதே தந்திரம்தான். பிடித்த கையில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு பக்கம். அந்தக் கட்டைவிரல் இடைவெளிதான் கதவின் ஓரம். மணிக்கட்டின் மெல்லிய விளிம்பை அந்தப் பக்கம் திருப்பி, அவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்து, முழங்கையை மடக்கிச் சட்டென்று உருவ வேண்டும். பின்னுக்கு இழுத்தால் நாலு விரலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கட்டைவிரல் பக்கம் போனால் ஒரு விரலோடுதான் போட்டி.

இதெல்லாம் சீமைச் சரக்கோ என்று நினைக்காதீர்கள். உங்கள் சிவகங்கைச் சீமையின் சொத்து. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், விருப்பாச்சியில் எட்டு ஆண்டு காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவர் சிறு வயதிலேயே சிலம்பமும் வளரியும் பயின்றவர் என்பார்கள். வளரி என்பது பிறை போல வளைந்த எறிகருவி. ஒரு முனை கனம், மறு முனை மெல்லிசு. மெல்லிய முனையைப் பிடித்துச் சுழற்றி எறிந்தால், கனமான முனை வட்டத்தின் வெளி ஓரத்தில் பாய்ந்து போகும். தேர்ந்தவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று, சின்ன மருதுவிடம் அதைக் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830-இல் வெளியான தமது புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

சிலம்பக் கம்பிலும் இதே கணக்குதான். கை ஒரு சாண் வட்டம் போடும் நேரத்தில் கம்பின் நுனி ஐந்து சாண் வட்டத்தைச் சுற்றி வருகிறது. ஆகவே நுனியின் வேகம் ஐந்து மடங்கு. மெலிந்த கைக்குக் கம்பு வேகத்தைக் கடன் கொடுக்கிறது, வட்டியும் இல்லை! 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. பேத்தியைச் சிலம்பம் கற்கச் சேர்த்துவிடுங்கள். கம்பைத் தெருவில் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் கால் நிற்கவும், இடுப்பு திரும்பவும், கண் தூரத்தை அளக்கவும் பழகிவிடும்.

“அப்படியானால் என் பேத்தி எவனையும் அடித்து வீழ்த்திவிடலாமா?” என்று கேட்பீர்கள். முடியாது, ஆச்சி. பௌதிகம் அவனுக்கும் பொதுதான். அவன் எடையும் வேகமும் அவன் பக்கம் இருக்கின்றன. ஆகையால் நம் அடி அவனை ஜெயிப்பதற்கல்ல. அவன் பிடி தளர்கிற இரண்டு விநாடியைச் சம்பாதிப்பதற்கு. அந்த இரண்டு விநாடியில் ஓட வேண்டும், உரக்கக் கத்திக்கொண்டே வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்கு. கோயிலோ, மளிகைக் கடையோ, எதுவானாலும் சரி. பையைத்தான் கேட்கிறான் என்றால் பையை எறிந்துவிட்டு ஓடலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பயிற்சியினால் உண்மையில் பலன் உண்டா? கனடா தேசத்தில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் சுமார் 900 பேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு அபாயத்தை முன்கூட்டியே அறியவும், வாயால் மறுக்கவும், கையால் எதிர்க்கவும் பன்னிரண்டு மணி நேரம் கற்றுக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஓர் ஆண்டுக்குள் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், பிரசுரம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில். பயிற்சி பெற்றவர்களில் ஐந்து பேர் அளவில். பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதியையும் மறக்க வேண்டாம். பயிற்சி பெற்றும் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், பயத்தில் கைகால் விறைத்துப் போனாலும், குற்றம் அவளுடையதல்ல. விறைப்பது உடம்பின் இயல்பு. “ஏன் எதிர்க்கவில்லை?” என்ற கேள்வி எந்தத் தாய் வாயிலிருந்தும் வரக் கூடாது.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தன் உடம்பைக் காத்துக்கொள்ள எதிர்ப்பது குற்றமல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அனுமதி. அவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் அடிப்பது தற்காப்பு ஆகாது.

இனிப் பயிற்சி. கட்டுரை படித்து நீச்சல் வராது, இதுவும் அப்படியே. கோரைப்பாயைச் சுருட்டி அதன் மேல் தலையணையைக் கட்டி, உங்கள் வளவுத் தூணில் சாத்துங்கள். தினம் பத்து நிமிஷம் போதும். முதல் வாரம் நிற்கவும் இடுப்பைத் திருப்பவும் மட்டும். இரண்டாம் வாரம் உள்ளங்கை மேட்டால் மெதுவாக அடிக்கவும், அடித்த கையை உடனே பின்னுக்கு வாங்கவும். மூன்றாம் வாரம் வேகம். ஒவ்வோர் அடிக்கும் வாய் திறந்து “விடு!” என்று கத்தச் சொல்லுங்கள். மூச்சும் வெளியேறும், குரலும் பழகும். நம் பெண்களுக்குக் கை ஓங்குவதை விடக் குரல் ஓங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பிடியிலிருந்து விடுபடும் பாடத்தை அவள் அண்ணனோ தம்பியோ கையைப் பிடித்துக்கொடுக்க, பலமுறை செய்து பார்க்கட்டும்.

ஆச்சி, மில்லும் மிக்ஸியும் வந்த பிறகு உங்கள் பேத்தி உலக்கை பிடித்திருக்க மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கொஞ்சம் நெல்லை உரலில் போட்டு, நீங்களே இரண்டு குத்துக் குத்திக் காட்டுங்கள். உங்கள் பாதம் எப்படி ஊன்றுகிறது, இடுப்பு எப்படி இறங்குகிறது, மூச்சு எப்போது வருகிறது என்று அவளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு உலக்கையை அவள் கையில் கொடுங்கள்.