ஏரிச் சேற்றில் ஒரு ரசவாதம்

பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது என்று படித்திருப்பீர்கள். நான் கல்லூரியில் படித்த நாளில், ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி உடைந்தால் சிந்திய பாதரசத்தைக் கழுவுதொட்டியில் விட்டுவிடுவோம். கனமான பொருள், எங்கேயோ அடியில் போய்க் கிடக்கும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்பதற்கு நம் பழனி மலையிலேயே சான்று இருக்கிறது.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கி வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்தபின், 2001-இல் அது மூடப்பட்டது. ஐதராபாத் அறிவியலார் ஏரியை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரில் அது மிகக் குறைவு. கொடைக்கானல் ஏரிச் சேற்றிலிருந்த பாதரசத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு மெதில் பாதரசமாக மாறியிருந்தது!

மாற்றியது யார்? பாக்டீரியா! பிராணவாயு இல்லாத சேற்றில், சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மண்ணில் புதைத்த இரும்புக் குழாயை அரிப்பதும் இந்த வகையினவே. சிறிது சிறிதாக உப்பாகும் பாதரசத்துடன் இவை மெதில் தொகுதியைச் சேர்த்துவிடுகின்றன. சேற்றில் உயிர்கள் இவ்வாறு செய்வதை 1969-இல் ஸ்வீடன் நாட்டில் கண்டறிந்தனர். மெதில் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் படிப்படியாகச் செறிவு கூடிச் செல்லும்.

தொழிற்சாலை மண்ணைத் தூய்மையாக்கியபின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என வரம்பு வகுத்தனர். மேலும் தோண்டினால் மரங்கள் அழியும், மண் அரிக்கும் என்கிறார்கள். அது நியாயமான அச்சமே. ஆயினும் மண்ணை மட்டும் அளப்பது போதாது என்பது என் கருத்து. மழை மண்ணைக் கீழே பாம்பாறு சோலைக்குக் கொண்டு செல்லும் அல்லவா? ஓடை வண்டல், ஏரிச் சேறு, மீன் ஆகியவற்றில் மெதில் பாதரசத்தை ஆண்டுதோறும் அளந்து, முடிவை ஊரார் அறியச் செய்ய வேண்டும். எஞ்சிய பாதரசம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அதைப் பாக்டீரியா என்ன செய்கிறது என்பது மறு பாதி.

உங்கள் பள்ளியில் வெப்பமானி உடைந்தால் பாதரசத்தைக் கையால் தொடாதீர்கள், தொட்டியிலும் விடாதீர்கள். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நாங்கள் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.