விளக்கே பகையாகும் இடம்



விளக்கை ஏற்றினால் இருள் நீங்கும். இருளோடு அச்சமும் நீங்கும். ஆனால் விளக்கை ஏற்றுவதாலேயே அச்சம் பிறந்த இடம் ஒன்று உண்டு. அதுவே நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரியின் இடுக்குகளிலிருந்து மீத்தேன் என்னும் வாயு கசிந்துகொண்டேயிருக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை அது கலந்திருக்கும்போது, சிறு சுடர் பட்டாலும் வெடித்துவிடும். அக்காலத் தொழிலாளியின் கையிலிருந்ததோ மெழுகுவர்த்தி!

1812ஆம் ஆண்டு மே 25 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் பலர். அப்பங்கின் ஆங்கிலிக்கன் குருவானவர் ஜான் ஹாட்சன் அவர்களை அடக்கம் செய்ததோடு நின்றுவிடவில்லை. இறந்தோரின் பெயர்ப் பட்டியலுடன் விபத்தின் வரலாற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். மறு ஆண்டே சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென அருகிலுள்ள சந்தர்லாந்து நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் வேண்டுகோளை ஏற்ற அறிஞர் ஹம்பிரி டேவி, 1815இல் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை பொருத்திய விளக்கை அமைத்தார். வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளிருக்கும் தீ வெளியிலுள்ள வாயுவைப் பற்றுவதில்லை. இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

ஆயினும் நடந்தது யாது? ஆபத்தானவை என்று கைவிடப்பட்டிருந்த சுரங்கப் பகுதிகளையெல்லாம், விளக்கு வந்துவிட்டதென்னும் துணிவில் மீண்டும் திறந்தனர். வெடிவிபத்துகள் ஓயவில்லை. மேலும், வலைக்குள் சிறைப்பட்ட மங்கிய ஒளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பலருக்குக் கண்மணிகள் ஓயாது துடிக்கும் நோயும் வந்தது.

சந்தர்லாந்தில் பிறந்த ஜோசப் ஸ்வான் என்பார் 1881இல் சுரங்கத்திற்கான மின்விளக்கு ஒன்றை உருவாக்கினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிரும் இழைக்கு வெளிக்காற்று வேண்டுவதில்லை. எனவே அது வாயுவைத் தீண்டுவதுமில்லை. ஆனால் அக்காலத்து மின்கலங்களோ பெருஞ்சுமை. குமிழ் உடைந்தால் பழுக்கக் காய்ந்த இழையே தீ மூட்டவும் கூடும்.

1907 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் மொனங்கா சுரங்கத்தில், அரசுக் கணக்கின்படியே 362 பேர் மாண்டனர். 1910இல் அந்நாட்டு அரசு சுரங்கப் பணியகத்தை நிறுவியது. அப்பணியகத்தில் பணியாற்றிய ஜான் ரயன், ஜார்ஜ் டீக்கி என்னும் பொறியாளர் இருவர் தாமஸ் எடிசனின் உதவியை நாடினர். இடுப்புப் பட்டையில் மின்கலம், தலைத்தொப்பியில் விளக்கு என்னும் அமைப்பு உருவாயிற்று. தொழிலாளியின் இரு கைகளும் விடுதலை பெற்றன. குமிழ் உடைந்தால், உள்ளிருக்கும் வில்சுருள் அதனை விலக்கி மின்னோட்டத்தை அக்கணமே அறுத்துவிடும். விளக்கு ஒருநாள் உடையத்தான் செய்யும் என்று முன்னரே எண்ணி, அதற்கும் வழிசெய்தது அவர்களது அறிவுடைமை.

இருப்பினும் மின்சாரம் முற்றிலும் தீங்கற்றதன்று. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கனித் சுரங்கத்தில் 439 தொழிலாளரும், மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தனர். காரணம் உறுதியாகவில்லை, எனினும் மின்மணியின் சிறு பொறி மீதும் ஐயம் எழுந்தது. பொறி எழுந்தாலும் வாயு பற்றாத அளவுக்கு மின்னாற்றலைக் குறைத்தே கருவிகளை அமைக்கும் முறை, பின்னர் நடந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது.

இன்னுமொரு குறை எஞ்சியிருந்தது. டேவியின் விளக்கில், வாயு சேர்ந்தால் சுடரின்மேல் நீலநிற முடி தோன்றி எச்சரிக்கும். மின்விளக்கோ ஒளி தரும், எச்சரிக்காது. ஆகவே தொழிலாளரின் தலையில் மின்விளக்கு வந்த பின்னரும், மேற்பார்வையாளர் பழைய சுடர்விளக்கையும் நெடுங்காலம் ஏந்திச் சென்றனர். இன்று அப்பணியை மின்னணுக் கருவிகள் செய்கின்றன.

அப்படியிருந்தும், 2010 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தனர். விளக்குகளால் வந்த வினையன்று அது. காற்றோட்டத்தைச் சீராக வைத்திருக்கும் கடமையும், கரித்தூளின்மேல் கல்தூள் தூவும் கடமையும் அங்கே புறக்கணிக்கப்பட்டிருந்தன என்று விசாரணைகள் கண்டன.

நல்ல கருவி வாய்த்ததும் நம் விழிப்பையும் அதனிடமே ஒப்படைத்துவிடுகிறோம். ஆபத்தின்போது துணை நிற்கவேண்டிய பாதுகாப்பு, ஆபத்தை நெருங்குவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது. அதன் விலையைக் கொடுப்பவரோ அனுமதி அளித்தவர் அல்லர். ஆழத்தில் இறங்கியவரும், வீட்டு வாசலில் காத்திருக்கும் அவருடைய குடும்பத்தாருமே. பிறரை வேலைக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்போர், கருவியைக் கொடுத்தோம் என்பதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணாதிருப்பார்களாக.