ஐரோப்பாக் கப்பலும் ரெண்டு அரை டிக்கெட்டும்

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தியே கிடையாது. எந்தத் திசையில கிளம்பினாலும் கடலைப் பாக்க மணிக்கணக்கா பஸ்ஸுல உக்காரணும். எங்க ஊர்க்காரனுக்குத் தண்ணின்னாலே குடத்தோட வரிசையில நின்ன ஞாபகம்தான் மொதல்ல வரும். அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற நான், கடந்த மூணு மாசமா ராத்திரி பதினொரு மணிக்கு மேல பண்ற ஒரே வேலை, ஐரோப்பாவுல சுத்துற சொகுசுக் கப்பல்களை ஒப்பிட்டுப் பாக்குறது. எக்ஸெல் ஷீட்ல இருபத்தேழு வரிசை, பதினாலு பத்தி. ஆபீஸ் ஆணியைக் கூட இவ்வளவு சிரத்தையா புடுங்கினதில்லை.

ஆள் கணக்கை மொதல்ல சொல்லிடறேன். நான், தங்கமணி, நாலு வயசு மகள், பத்து மாசப் பையன். விஷயம் வெளிய தெரிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “இந்த வயசுல கூட்டிட்டுப் போனா புள்ளைகளுக்கு என்னப்பா ஞாபகம் இருக்கப் போகுது?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாம ரொம்ப நாள் முழிச்சேன். “இல்லைங்க, குழந்தைங்களோட வளர்ச்சிக்கு நல்லது”ன்னு ஏதோ உளறிப் பாத்தேன். எனக்கே சிரிப்பு வந்துச்சு.

உண்மை என்னன்னா, குழந்தைக்காகப் போறோம்னு சொல்றது சுத்தப் பொய். போன வருஷம் கொடைக்கானல் போனப்பவே இது புரிஞ்சிருக்கணும். மலைப்பாதை வளைவுல ரெண்டு வாந்தி. அவ்வளவு கஷ்டப்பட்டுப் போயி தூண் பாறையைக் காட்டினா, மகள் திரும்பிக்கூடப் பாக்கல. தங்கின இடத்துல இருந்த ஆறு படிக்கட்டுல ஏறி இறங்கி ரெண்டு மணி நேரம் விளையாடினா. அவளோட கொடைக்கானல் அந்த ஆறு படிதான். அதே படி நாகல் நகர்ல அத்தை வீட்டுலயும் இருக்கு, செலவில்லாம.

அதனால என்னோட மொதல் கருத்து இது: பெரியவங்க நாம நமக்காகப் போறோம், குழந்தைங்க கூட வர்றாங்க. இதை ஒத்துக்கிட்டா தேர்வு பாதி சுலபமாயிடும். ஒத்துக்கலைன்னா, தண்ணிச் சறுக்கு எத்தனை, பொம்மை வேஷம் போட்டவங்க எத்தனை பேர்னு எண்ணி, பெரிய கப்பலா பாத்துக் காசைக் கொட்டுவோம். அந்தச் சறுக்குல ஏற ஒரு உயரம் வேணும். நாலு வயசுக்கு அந்த உயரம் வர்றது கஷ்டம்.

அப்ப கப்பல் எதுக்கு, நேரா ரோமுக்கோ பாரிஸுக்கோ போகலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் நான் கப்பல் கட்சி. சின்னப் புள்ளைகளோட ஊர் ஊரா போறதுல உயிரை எடுக்கறது பெட்டி கட்டி அவுக்கறதுதான். கப்பல்ல ஒரு தடவை பெட்டியைப் பிரிச்சா ஏழு நாளைக்கு அந்த அறைதான் வீடு. ராத்திரி தூங்கும்போது ஊரு தானா மாறுது. மத்தியானத் தூக்கம், அழுகை, பசி எது வந்தாலும் கட்டில் பக்கத்துலயே இருக்கு. மெக்கானிக்கல் படிச்ச மூளைக்கு இது ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு.

ஆனா விளம்பரத்துல சொல்லாத விஷயங்கள் நிறைய. மூணு மாச ஆராய்ச்சியோட சாரத்தை இலவசமா தர்றேன்.

வயசு: பெரும்பாலான கப்பல்கள்ல ஆறு மாசம் முடிஞ்ச குழந்தையைத்தான் ஏத்துவாங்க. அட்லாண்டிக்கைத் தாண்டற மாதிரி நீண்ட பயணம்னா பன்னிரண்டு மாசம். குழந்தைகள் விளையாடற அறையில விட்டுட்டு வரலாம்னு நினைச்சா, பல இடங்கள்ல மூணு வயசு முடிஞ்சு டயப்பர் இல்லாம இருக்கணும். டயப்பர் போட்ட குழந்தையைப் பொது நீச்சல் குளத்துல இறக்க விடற கப்பல் அபூர்வம். ஆக, பையனுக்குக் கப்பல்ல உத்தியோகம் எதுவும் கிடையாது.

சமையல்: அம்மா மொதல் நாளே, “சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு எடுத்துக்கோ, ரெண்டு கை அரிசி போட்டுக் குழைய வெச்சுக் குடுக்கலாம்”னு சொன்னாங்க. ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் ரெண்டுமே பல கப்பல்கள்ல தடை, தீப்பிடிக்கும்ங்கிற பயம். வீட்டுச் சமையலும் உள்ள வராது, சீல் உடைக்காத குழந்தை உணவு கொண்டு போகலாம். சோறும் தயிரும் கேட்டா கிடைக்கும், ஆனா முன்கூட்டியே எழுதிக் கேக்கணும். தொட்டில் கட்டிலும் அப்படித்தான்.

பால்கனி: தங்கமணிக்கு பால்கனி வேணாம், புள்ளை எக்கிடுவான்னு பயம். எனக்கு வேணும். ரெண்டு பேரும் தூங்கற மத்தியானத்துல நாம கடலைப் பாத்து உக்காரலாம். “நாற்காலியை உள்ள எடுத்து வெச்சிடலாம், கதவுக்குப் பூட்டு இருக்கு”ன்னு சொன்னேன். “2019-ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டையே உங்க மக ஹேர்பின்ல நோண்டறா, கப்பல் பூட்டு எந்த மூலைக்கு?”ன்னா. வாதம் அங்கயே முடிஞ்சது. ஜன்னல் இருக்கிற அறைதான், பால்கனி இல்லை.

விசா: ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன்ல ஏறிடுச்சு. பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள 45 யூரோ, 6 வயசுக்குக் கீழ இலவசம். நம்ம அரை டிக்கெட்டுகளால வந்த ஒரே லாபம் இதுதான். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதைவிட முக்கியம், கப்பல் எங்கெல்லாம் நிக்குதுன்னு பாருங்க. நார்வே போற கப்பல் நிறைய இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்ல கிளம்பும், அதுக்குப் பிரிட்டன் விசா தனி. அதே நார்வேக்கு ஜெர்மனியோட கீல்ல ஏறினா ஒரே விசாவுல வேலை முடிஞ்சது. கிரேக்கத் தீவுகளோட துருக்கியையும் சேர்த்து விக்கிறாங்க, அது இன்னொரு விசா, அதோட ஷெங்கனும் பல முறை உள்ள வர்ற விசாவா இருக்கணும்.

இப்ப ரெண்டாவது கருத்துக்கு வர்றேன். கப்பலைத் தேர்ந்தெடுக்காதீங்க மக்களே, துறைமுகத்தைத் தேர்ந்தெடுங்க.

விளம்பரத்துல “ரோம்”னு போட்டிருக்கும். கப்பல் நிக்கறது சிவிடாவெக்கியா. ரோம் அங்கிருந்து 80 கிலோமீட்டர் போல. காலையில ஏழு மணிக்குக் கப்பல் வந்து சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்புதுன்னு வைங்க. பால், டயப்பர், தள்ளுவண்டி எல்லாம் கட்டிக்கிட்டு இறங்க எட்டரை. ஸ்டேஷனுக்கு பஸ், அப்புறம் ஒரு மணி நேரம் போல ரயில், ரோமுக்குள்ள கால் வைக்கப் பத்தரை. திரும்பி வர்றதுக்கு மூணரைக்காவது கிளம்பிடணும், தாமதமானா தனியா போனவங்களுக்குக் கப்பல் காத்திருக்காது. மிச்சம் அஞ்சு மணி நேரம். அதுல சாப்பாடு, தூக்கம், ஒரு கழிவறை தேடல். கொலோசியத்தைச் சுத்தி வந்து போட்டோ எடுத்துட்டு ஓடி வரணும். இதுக்கா லட்சக்கணக்கு?

வெனிஸ் கதை இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியா நகரத்துக்குள்ள வரக் கூடாதுன்னு தடை. இப்ப “வெனிஸ்”னு விக்கிற சில பயணங்கள் உண்மையில கிளம்பறது ட்ரியஸ்ட்டே, ராவென்னா மாதிரி ஊர்ல. அங்கிருந்து வெனிஸ் ஏறக்குறைய ரெண்டு மணி நேரத் தூரம். சாண்டோரினில பெரிய கப்பல் நங்கூரம் போட்டு நடுத்தண்ணியில நிக்கும். படகுல கரைக்கு வந்து, அங்கிருந்து கேபிள் கார் வரிசையில நிக்கணும், இல்லைன்னா அறுநூறு படி போல ஏறணும். பழனி படியே பரவாயில்லைன்னு ஆயிடும். தள்ளுவண்டியோட நினைச்சுப் பாருங்க. அவ்வ்வ்வ்.

இதுக்கு நேர் எதிரா சில ஊர்கள் இருக்கு. மால்டாவோட வாலெட்டால கோட்டை மதிலுக்குக் கீழயே கப்பல், 58 மீட்டர் உயர லிஃப்ட்ல ஏறினா ஊருக்குள்ள. நேப்பிள்ஸ், பலெர்மோ ரெண்டுலயும் இறங்கி நடந்தா நகரம். மாண்டெனெக்ரோவோட கோட்டோர்ல மதில் சுவருக்கு எதுக்கவே கப்பல், ஆனா அந்த நாடு ஷெங்கன்ல இல்லைங்கறதை மறந்துடாதீங்க. நார்வேயோட ஃப்ளாம்ல கப்பல் மேடைக்குப் பக்கத்துலயே ரயில் ஸ்டேஷன். 20 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 860 மீட்டர் உயரம், ஒரு மணி நேரம் மலையேறும் ரயில். நார்வேல இன்னொரு வசதி, கப்பல் மலை இடுக்குக்குள்ள போறதே காட்சிதான். புள்ளை தூங்கினா மடியில போட்டுக்கிட்டு ஜன்னல் வழியா பாக்கலாம்.

என் எக்ஸெல்ல இப்ப மிச்சமிருக்கிற முக்கியமான பத்தி ஒண்ணே ஒண்ணுதான்: கப்பல்ல இருந்து ஊருக்கு நடக்கற தூரம். இருபத்தேழு வரிசை நாலாச்சு.

எல்லாம் முடிச்சு, வர்ற மே மாசம் போகலாம்னு முடிவு. ஜூலை, ஆகஸ்ட்ல அங்க வெயிலும் கூட்டமும் அதிகம். அதோட பையனுக்கு ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள போனா விமான டிக்கெட் மலிவு, மடியில உக்காருவான். தங்கமணியோட கணக்கு இது, அப்பழுக்கில்லாத கணக்கு.

அன்னிக்கு ராத்திரி நான் கப்பல் படத்தைப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டிருந்தப்ப அப்பா பின்னாடி வந்து நின்னாரு. பூட்டுப் பட்டறையில முப்பது வருஷம் ராவினவரு. “இதுல எத்தனை மாடிப்பா?”ன்னு கேட்டாரு. சொன்னேன். “ஐயா கொழும்புக்குப் போன ஸ்டீமரு இம்புட்டு இருக்காதுல்ல?”

எங்க தாத்தா கொழும்புல ஒரு கடையில வேலை பாத்தவரு. மெட்ராஸ்ல இருந்து போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போகும், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர். 1914-ல வந்த வழி, 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியோட போச்சு. அப்பா அப்ப கைக்குழந்தை. அந்த ஸ்டீமர் கதையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்து, வாழ்க்கையில ஒரு தடவையும் கப்பல் ஏறாதவரு. கடலுன்னா ராமேஸ்வரத்துல முங்கிக் குளிச்சதோட சரி. “நானும் வரவா”ன்னு அவர் கேக்கல. கேக்கவும் மாட்டாரு. எத்தனை மாடின்னு மட்டும் கேட்டுட்டு, விளக்கை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாரு.

மறுநாள் தங்கமணிகிட்ட சொன்னேன். அம்மா அப்பாவையும் சேர்த்தா ரெண்டு அறை, ரெண்டு விசா, ரெண்டு விமான டிக்கெட். வர்ற மே மாசத்துக்குக் காசு பத்தாது, அடுத்த மே ஆகிடும். அப்பப் பையனுக்கு ரெண்டு வயசு தாண்டிடும், அவனுக்கும் தனி சீட்டு. எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்.

“மாமாவுக்குக் கப்பல் ஏறணும்னா நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு விடறாங்களே, அது போதாதா?”ன்னு கேட்டா. கேள்வி சரிதான். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச சேவை, வானிலையைப் பொறுத்து நின்னு நின்னு ஓடுது, நாலு மணி நேரப் பயணம். 2022 ஜூன்ல சென்னையிலருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பினதும் ஞாபகம் இருக்கும். நான் யோசிச்சுட்டு, “அதையும் செய்வோம். இந்த வருஷம் நாகப்பட்டினம், அடுத்த வருஷம் ஐரோப்பா. இவரு கால் வலியோட எவ்வளவு நடக்க முடியும், இவ கப்பல்ல எவ்வளவு வாந்தி எடுப்பாங்கறதும் தெரிஞ்சிடும்”னேன். கொஞ்ச நேரம் எக்ஸெல்லையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், “அப்ப நடக்கற தூரம்ங்கிற பத்தியை அத்தை முட்டிக்கும் சேத்துப் பாத்துக்கங்க”ன்னா. நாலு வரிசை மூணாச்சு.

நண்பர்களே, யாராவது குழந்தைகளோடயும் பெரியவங்களோடயும் சேர்ந்து இப்படிப் போயிருந்தா சொல்லுங்க. முக்கியமா, ரெண்டு அறையும் பக்கத்துப் பக்கத்துல கிடைக்க என்ன பண்ணணும், மூட்டு வலிக்காரங்களுக்குச் சக்கர நாற்காலியை எங்க கேக்கணும்னு தெரியணும்.

சொந்தக்காரங்க கேள்விக்கு இப்ப என்கிட்ட பதில் இருக்கு. போன வாரம் ஒரு கல்யாணத்துல பெரியப்பா மறுபடி கேட்டாரு, “புள்ளைகளுக்கு என்னப்பா ஞாபகம் இருக்கப் போகுது?”

“இருக்காது பெரியப்பா. அப்பாவுக்கு இருக்கும்”னேன்.

கொசுறு: அப்பா நேத்து பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துட்டு வந்தாரு. புதுச் சட்டை. அடுத்த வருஷம்தானப்பா, எதுக்கு இவ்வளவு அவசரம்னு கேட்டா, சும்மா அந்தப் பக்கம் போனேன், அப்படியே எடுத்துட்டேன்னாரு.