துணி டயப்பரில் மிச்சமாகும் பணம்: துவைக்கிறது யாரு?



குழந்தை பிறந்து ரெண்டாவது மாசம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால், டயப்பர் செலவு கண்டிப்பாக அதில் இருக்கும். ஒரு மாசத்தோடு முடிகிற செலவும் இல்லை, இரண்டு இரண்டரை வருஷம் ஓடும். அதனால்தான் "துணி டயப்பருக்கு மாறுங்க, அரை லட்சம் மிச்சம்" என்று யாராவது சொன்னால் உடனே ஆசை வந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். துணி டயப்பர் நல்ல முடிவுதான். ஆனால் அந்த அரை லட்சம் கணக்கில் பாதிதான் உண்மை. தண்ணி, கரன்ட், சோப்புத்தூள் எதுவும் அதில் இருக்காது. முக்கியமாக, துவைக்கிறவங்களோட நேரம் இருக்கவே இருக்காது. நூம்பல் மாதிரி, போரில் உப்புத்தண்ணி வந்து கோடையில் லாரித் தண்ணி வாங்குகிற அப்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் பதில் வேற மாதிரி வருது. வாங்க, போட்டுப் பார்ப்போம்.

கடை டயப்பர் கணக்கு

ஒரு டயப்பர் சராசரியா 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன சைஸ் கொஞ்சம் குறையும், ஆனா எண்ணிக்கை அதிகம் ஆகும். பெரிய சைஸ் விலை கூடும், எண்ணிக்கை குறையும். சராசரியா ஒரு நாளைக்கு 5 போதும்.

5 × 12 = 60 ரூபாய். மாசம் 1,800. முப்பது மாசத்துக்கு 54,000 ரூபாய்.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து குழந்தை டயப்பர் மேல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கு. அதுக்கு முன்னாடி வரியோடு 12 ரூபாய்க்கு விற்றது, வரிக் குறைப்பு முழுசா நமக்கு வந்தால் 11 ரூபாய் 25 காசு ஆகணும். நீங்க வாங்குகிற பேக்கில் எம்ஆர்பி-யை டயப்பர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க. "ஜம்போ பேக்" என்பதற்காக மட்டும் மலிவு என்று நம்ப வேண்டாம். குழந்தை சைஸ் மாறிவிட்டால் மீதிப் பேக் அலமாரியில்தான் இருக்கும்.

துணி டயப்பர் கணக்கு

பகலுக்குத் துணி, ராத்திரிக்கும் வெளியூர் போவதற்கும் கடை டயப்பர் ஒண்ணு. வேலைக்குப் போகிற வீட்டில் நிஜமாக நடப்பது இதுதான், அதனால் கணக்கையும் இப்படியே போடுறேன்.

முதலில் வாங்குற செலவு: 15 டயப்பர், ஒண்ணு 600 ரூபாய் வீதம் 9,000. கூடுதல் உள்துணி 2,000. மொத்தம் 11,000.

ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் மாசம் 15 தடவை. டாப் லோட் மெஷினும் முன்னாடி அலசுகிற தண்ணியும் சேர்த்து ஒரு தடவைக்கு 140 லிட்டர். லாரித் தண்ணி லிட்டருக்கு 15 காசு என்றால் 21 ரூபாய். சோப்புத்தூள் 10, கரன்ட் 3. ஆக, ஒரு தடவைக்கு 34 ரூபாய். மாசம் 510. முப்பது மாசத்துக்கு 15,300.

ராத்திரி டயப்பர் தினம் ஒண்ணு: முப்பது மாசத்துக்கு 10,800.

மூன்றையும் கூட்டினால் 37,100 ரூபாய். கடை டயப்பருக்கு ஆன 54,000-இல் இதைக் கழித்தால் மிச்சம் 16,900. அதாவது மாசம் சுமார் 563 ரூபாய்!

உங்க வீட்டில் தண்ணிக்குத் தனியாகக் காசு கொடுக்கலைன்னா மாசம் இன்னும் 315 ரூபாய் மிச்சமாகி, 878 ஆகும். ரெண்டாவது குழந்தைக்கும் அதே செட் ஓடினால் 11,000 ரூபாய் செலவு திரும்ப வராது, எலாஸ்டிக் தளர்ந்த சிலதை மட்டும் மாற்றினால் போதும். உண்மையான லாபம் ரெண்டாவது குழந்தைக்குத்தான், அல்லது அக்கா தங்கச்சி வீட்டிலிருந்து செட் கைமாறி வரும்போதுதான்.

விலையெல்லாம் நான் கணக்குக்காக வைத்தது. உங்க வீட்டு விலையைப் போட்டு மாற்றிக்கோங்க. முறை மட்டும் இதேதான்.

கணக்கில் வராத ஏழரை மணி நேரம்

அலசணும், மெஷினில் போடணும், காயப்போடணும், எடுத்து உள்துணியைச் சொருகி மடிக்கணும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்றால் மாசம் ஏழரை மணி நேரம். 563 ரூபாயை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய்.

இந்த 75 ரூபாய் வேலையை யார் செய்யறாங்க? அதுதான் கேள்வி.

நம்ம பாட்டிகள் பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாங்க. அந்தக் காலத்தில் செலவே இல்லைன்னு நாம பெருமையாகச் சொல்கிறோம். செலவு இல்லாம இல்லை, கிணற்றடியில் உட்கார்ந்து துவைத்தவங்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கலை, அவ்வளவுதான். இன்னைக்கும் நிறைய வீட்டில் "நாங்க துணி டயப்பர்தான் யூஸ் பண்றோம்" என்று சொல்பவர் ஒருத்தர், துவைப்பவர் இன்னொருத்தர். அது பிரசவம் ஆகி இன்னும் தையல்கூட ஆறாத மனைவியாக இருக்கும். இல்லைன்னா முட்டிவலியோடு ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற அம்மா, மாமியார்.

2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தகுதியுள்ள பெண் ஊழியர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கிற அப்பாவுக்குச் சட்டப்படி ஒருநாள்கூடக் கிடையாது, கம்பெனி பார்த்துக் கொடுத்தால்தான். அதனால் வீட்டில் இருப்பவங்க தலையில்தான் துவைக்கிற வேலை விழும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ போரூர் ஐடி பார்க்குக்கோ போய்விட்டு, வானகரம் டிராஃபிக்கில் மாட்டி எட்டு மணிக்கு வீடு வருபவர் "எனக்கு எங்கே நேரம்?" என்று கேட்பது எளிது. ஆனால் மெஷின் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஓடும். காயப்போட பத்து நிமிஷம் போதும்.

அதனால் என் கருத்து இது: துணி டயப்பர் வாங்கலாமா என்ற முடிவை, அதைத் துவைக்கப் போகிறவங்கதான் எடுக்கணும். நீங்க முடிவு எடுக்கணும்னா நீங்க துவைங்க. இது ஏதோ பெருந்தன்மைக்காகச் சொல்றது இல்லை. துவைப்பவர் சலித்துப்போனால் மூணாவது மாசமே 11,000 ரூபாய் செட் பரணுக்குப் போய்விடும், திரும்பக் கடை டயப்பர் வாங்க ஆரம்பிப்பீங்க. ரெண்டு செலவும் உங்களுக்குத்தான்.

வாங்கும்போது

24 டயப்பர் காம்போ, நோ காஸ்ட் இஎம்ஐ என்று வந்தால் கொஞ்சம் நில்லுங்க. முதலில் மூணே மூணு வாங்குங்க, மூணும் வேற வேற வகை. ஒண்ணு பாக்கெட் மாதிரி உள்துணி சொருகுவது, ஒண்ணு மேலுறை தனி உள்துணி தனி, இன்னொண்ணு சாதாரண முக்கோண நாப்பி. இரண்டு வாரம் பயன்படுத்தினால் உங்க குழந்தைத் தொடைக்கு எது கசியாமல் இருக்குன்னு தெரிந்துவிடும். அப்புறம் மீதியை வாங்குங்க. பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு மாசம் முக்கோண நாப்பியும் பழைய வேட்டித் துணியும் போதும், ஃப்ரீ சைஸ் என்று வருபவை அந்தச் சின்னக் காலுக்குத் தொளதொளவென்று இருக்கும்.

துவைக்கும்போது

* புது உள்துணியை நாலைந்து தடவை துவைத்த பிறகு போடுங்க. புதுப் பருத்தி முதல் நாளே நன்றாக உறிஞ்சாது. "கசியுது, வேஸ்ட்" என்று தூக்கிப் போடுபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.
* ஈர டயப்பரை வாளித் தண்ணியில் ரெண்டு நாள் ஊறப்போடாதீங்க. நாற்றம் வரும், எலாஸ்டிக் கெடும், கொசுவும் வரும். அலசிப் பிழிந்து, காற்றோட்டமான கூடையில் போட்டு வையுங்க.
* திட உணவு ஆரம்பித்த பிறகு மலத்தை டாய்லெட்டில் தட்டி, அங்கேயே ஜெட் ஸ்ப்ரேயில் அடித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.
* ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது துணி மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய், ராஷ் க்ரீமும் அப்படித்தான். க்ரீம் போட்டால் நடுவில் ஒரு மெல்லிய துணி வையுங்க.
* உப்புத்தண்ணியில் சோப்பு நுரைக்காது, அழுக்கு முழுசாப் போகாது. கொஞ்சம் வாஷிங் சோடா சேர்த்தால் தண்ணி மென்மையாகும். மாசம் ஒரு தடவை உள்துணியை மட்டும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தால், நாற்றம் போகும். வெளி உறையை வெந்நீரில் போடாதீங்க, உள்ளே இருக்கிற நீர்புகாப் படலம் உரிந்துவிடும்.
* உள்துணியை நல்ல வெயிலில் போடுங்க, மஞ்சள் கறை தானாகப் போகும். உறையை நிழலில்.

ஐப்பசி, கார்த்திகை மாசத்தில்

மே மாசம் மொட்டை மாடியில் ரெண்டு மணி நேரத்தில் காய்வது, வடகிழக்குப் பருவமழையில் ஒன்றரை நாள் ஆனாலும் காயாது. கூடுதல் டயப்பர் வாங்காதீங்க, கூடுதல் உள்துணி வாங்குங்க. உறை சீக்கிரம் காயும், உள்துணிதான் லேட்டாகும். கெட்டியாகத் தைத்த உள்துணியைவிட, பிரித்து விரிக்கக்கூடியது சீக்கிரம் காயும். மழை விடாமல் பெய்கிற வாரம் கடை டயப்பருக்குப் போவதில் தப்பே இல்லை. அரைகுறை ஈரத்தோடு போட்டுவிட்டுப் புண் வந்தால் டாக்டர் ஃபீஸ் உங்க ஒரு மாச மிச்சத்தைத் தின்றுவிடும்.

துணி டயப்பரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும். கடை டயப்பரில் இருக்கிற ஜெல் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும், துணி அப்படி இல்லை. சிவப்பு இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்க. டே கேரில் விடுவதாக இருந்தால் துணி டயப்பர் போட ஒத்துக்கொள்வாங்களா என்று முன்னாடியே கேளுங்க. நிறைய இடத்தில் மாட்டாங்க. அப்போ உங்க கணக்கே மாறிவிடும்.

குப்பை யார் கையில் போகுது?

பணத்தை விட்டுத் தள்ளினாலும் துணிப் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி, பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றி, ஈரக் குப்பையில் கலக்காமல் கொடுக்கணும். நடைமுறையில் என்ன நடக்குது? மிச்ச சாம்பார் சாதத்தோடு ஒரே கவரில் கட்டி வாசலில் வைக்கிறோம். அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். தினம் 5 டயப்பர் 1 ஆனால், அவங்க கைக்குப் போவது நாலு குறையும். அந்த ஒண்ணையாவது செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்க.

சுற்றுச்சூழல் விஷயத்திலும் துணி என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. 2008-இல் பிரிட்டனில் அரசு வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்கும் கார்பன் அளவு கிட்டத்தட்ட சமம். மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, ரெண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால்தான் துணி தெளிவாக முந்தியது. டிரையரில் காயவைத்தால் லாபம் போச்சு. கொடியில் காயப்போடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருப்பது நல்லதாப் போச்சு.

மிச்சமாகும் 563 ரூபாய்

அதைத் தனியாக எடுத்து வைக்கலைன்னா அது மிச்சமே இல்லை, ஸ்விக்கியில் போய்விடும். மாசம் 500 ரூபாய் ஆர்டி ஒண்ணு ஆட்டோ டெபிட்டில் போடுங்க. பெண் குழந்தைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம், வருஷம் 250 ரூபாயிலேயே கணக்கை நடத்தலாம். ஆனால் பணம் பல வருஷம் உள்ளேயே இருக்கும், நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அதுக்கும் முன்னாடி, ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸில் குழந்தை பேரைச் சேர்த்தாச்சா என்று ஹெச்ஆரிடம் கேளுங்க. அதுக்குக் கெடு நாள் இருக்கும்.

கடைசியா ஒண்ணு. வீட்டில் துவைக்க ஆள் இல்லை, ரெண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட், தண்ணித் தட்டுப்பாடு என்றால் கூசாமல் கடை டயப்பரே வாங்குங்க. தூங்காத அம்மா அப்பாவின் உடம்பை வைத்து மாசம் 563 ரூபாய் சேமிக்க வேண்டியதில்லை. ஆனால் முடியும் என்றால், இந்த வாரம் மூணு டயப்பர் வாங்கி ஆரம்பியுங்க. முதல் ஒரு மாசம் துவைக்கிற வேலை அப்பாவோடது என்று காலண்டரில் எழுதி ஒட்டுங்க. மாசக் கடைசியில், தொடரலாமா வேண்டாமா என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்க.