எந்த ஆண்டுக் குழு சிறந்தது?

ஏலம் என்றவுடன் திருச்செங்கோட்டுப் பருத்தி மூட்டையும் மஞ்சள் மூட்டையுமே நம் தலைமுறையினர்க்கு நினைவில் எழும். நம் மாணவர்க்கோ ஐ.பி.எல். ஏலம் எழுகிறது. எந்த ஆண்டு ஏலம் போன தமிழ்நாட்டு வீரர் குழு சிறந்தது என்பது நம் கல்லூரித் தாழ்வாரத்தில் ஓயாத வழக்கு. அதில் நாமும் ஒரு சொல் சொல்ல விழைகிறோம்.

இத்தகைய வழக்கு கடல் கடந்தும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 'டிராஃப்ட்' என்பது ஒரு முறை. அங்கு விலை கூறுவதில்லை. அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். 1984ஆம் ஆண்டுக் குழுவே தலையாயது என்பார் பலர். முதலில் அழைக்கப்பெற்றவர் ஹக்கீம் ஒலாஜுவான். (ரமலான் நோன்பு நோற்றவாறே களத்தில் ஆடிய பெருமகன் அவர்.) மூன்றாமவர் மைக்கேல் ஜோர்டான், ஐந்தாமவர் சார்லஸ் பார்க்லி. மூவரும் பின்னாளில் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றனர். 1996ஆம் ஆண்டுக் குழுவிலும் அவ்விருது பெற்றோர் மூவரே. ஆலன் ஐவர்சன் முதலில் அழைக்கப்பெற்றவர். ஆனால் கோபி பிரையன்ட் பதின்மூன்றாமவர், ஸ்டீவ் நாஷ் பதினைந்தாமவர். எவராலும் அழைக்கப்பெறாது நின்ற பென் வாலஸோ, சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை நான்கு முறை வென்றார். ஜோர்டானுக்கு நிகர் எவருமில்லை. ஆயினும் நம் வாக்கு 1996க்கே.

அவ்வளவுகோலை நம் மண்ணுக்கும் கொண்டு வருவோம். மாணவர் பலர் 2022ஐச் சொல்வர். சாருக்கான் 9 கோடி, வாசிங்டன் சுந்தர் 8.75 கோடி, சாய் சுதர்சன் வெறும் 20 இலட்சம். அந்த 20 இலட்சத்தார் 2025இல் 759 ஓட்டங்கள் குவித்துத் தொடரில் முதலிடம் பெற்றார். வலிய சான்றுதான். எனினும் நாம் 2018 என்போம். அவ்வாண்டு அசுவினுக்கு 7.6 கோடி, தினேஷ் கார்த்திக்கிற்கு 7.4 கோடி. முந்தைய ஆண்டு 3 கோடி பெற்ற நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனுக்கோ 40 இலட்சம். ஐதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய ஈராண்டும் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2020இல் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்து ஆஸ்திரேலியா சென்று, 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டுடன், ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியரானார். இஃது ஊர்ப்பற்று என்று நகைப்போர் நகைக்க.

ஆசிரியர் அறையிலும் ஓர் ஏலம் நடக்கிறது. சூன் திங்களில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவுடனேயே, "இவ்வாண்டு மாணவர் தரமில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நாமும் எழுதியதுண்டு. வணிகவியலிலும் கணினியியலிலும் இடங்கள் நிரம்பிய பின், வேறு வழியின்றித் தமிழ்த் துறை வாயிலில் தந்தையோடு வந்து நிற்கும் பிள்ளையிடம், "ஏன் தமிழைத் தேர்ந்தாய்?" என வினவி, அவர் தலை குனிவதையும் கண்டிருக்கிறோம். வரும் சேர்க்கையின்போது அவ்வினாவை விடுத்து, அவரை முதலில் நாற்காலியில் அமரச் செய்ய எண்ணியுள்ளோம்.