கூலியும் வாசலும்

கலைஞர் தம் கலையைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகம் கலைஞரோடு எதைப் பகிர்ந்துகொள்கிறது என்னும் மறுபாதிக் கேள்வியை எழுப்புவோர் அரியர். அதிலும், எந்தப் பள்ளியிலும் பயிலாது தாமாகவே தூரிகை பிடித்த ஏழைக் கலைஞருக்குப் பகிர்வு என்பது ஒருவழிப் பாதையாகவே இருந்து வருகிறது. அவர் கொடுப்பார், நாம் பெறுவோம். இது பகிர்வன்று, சுரண்டல் என்பதே என் வாதம். அதற்குச் சான்றாகக் கத்தோலிக்க மூதாட்டி ஒருவரின் வாழ்வை வாசகர்முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கேன் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் கிளமென்டைன் ஹண்டர். 1886ஆம் ஆண்டின் இறுதியிலோ 1887இன் தொடக்கத்திலோ பிறந்தவர். அடிமைகளாய் வாழ்ந்தோரின் பேத்தி. பள்ளியில் சில நாள்களே இருந்தார். எழுதப் படிக்கக் கற்கவேயில்லை. இளவயதிலேயே மெல்ரோஸ் என்னும் பண்ணைக்கு வந்து பருத்தி எடுத்தார். பின்னர்ப் பண்ணை வீட்டில் சமைத்தார், துணி வெளுத்தார். அவ்வீட்டின் தலைவி ஓவியரையும் எழுத்தாளரையும் வரவழைத்துத் தங்கவைப்பவர். அங்கு வந்துபோன ஓவியர் ஒருவர் விட்டுச்சென்ற வண்ணங்களைக் கொண்டு, பழைய சன்னல் திரை ஒன்றின்மீது 1939ஆம் ஆண்டளவில் அவர் தம் முதல் ஓவியத்தைத் தீட்டினார் என்பர். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

பகலெல்லாம் பிறருக்கு உழைத்தவர், இரவில் விளக்கொளியில் வரைந்தார். அட்டை, பலகை, புட்டி எனக் கையில் கிடைத்தவற்றின்மேலெல்லாம் வரைந்தார். பருத்தி எடுப்பு, துணி வெளுக்கும் நாள், ஆற்றில் திருமுழுக்கு, திருமணம், அடக்கச் சடங்கு, சனிக்கிழமை இரவின் குடியும் கைகலப்பும் ஆகியவையே அவருடைய பாடுபொருள்கள். பண்ணையின் கணக்கேடுகள் விளைச்சலைக் குறித்துவைத்தன. விளைவித்தோரின் வாழ்வைக் குறித்துவைத்தவர் இவரே. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவையும் கறுத்த மேனியராகவே தீட்டினார். வேலையின் பெரும்பாரத்தைச் சுமந்தோர் பெண்களே என்று கருதியதால், ஆண்களைவிடப் பெண்களைப் பெரியவராக வரைந்தார். இதைப் பயிற்சியின்மை என்று நகைப்போர் நகைக்கட்டும். உடலின் அளவையன்றி உழைப்பின் அளவைத் தீட்டிய அக்கண்களுக்கு எந்தக் கல்லூரி அதனைக் கற்பித்திருக்கக்கூடும்? திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தில் தெளிவுபடுத்தியது. முறையாகக் கற்றவரா எனக் கேட்டு முகம் சுளிப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

1955ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தேறின. மெல்ரோஸ் பண்ணையின் பழைய கட்டடமொன்றிற்காக ஒன்பது பெரும் பலகைகளில் கேன் ஆற்றங்கரை மக்களின் வாழ்வு முழுவதையும் அவர் வரைந்தளித்தார். அதே ஆண்டில், அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெள்ளையர் வந்தனர், கண்டனர், வியந்தனர். ஓவியரோ அவர்களோடு உள்ளே நுழைய இயலவில்லை. இனப்பாகுபாடு அதனைத் தடுத்தது. காட்சிக்கூடம் மூடியிருந்த ஞாயிறு ஒன்றில், நண்பர் ஒருவர் அவரைப் பின்வாசல் வழியே அழைத்துச் சென்று, அவர் தீட்டிய ஓவியங்களை அவருக்கே காட்டினார்! கைவண்ணத்தை வரவேற்ற வாசல், அக்கைக்குரியவரைத் தடுத்தது.

அமெரிக்கரின் கொடுமை இது என்று பெருமூச்செறிந்து நாம் தப்பிக்கொள்ள இயலாது. வடக்கன்குளத்தில் 1910 வரை சாதியின் பெயரால் இறைமக்களைப் பிரித்து நின்றது ஆலயத்துச் சுவர் அன்றோ? சிற்பியும் தச்சரும் கட்டிக்கொடுத்த ஆலயத்தில் அவர்களையே வாசலில் நிறுத்திய வரலாறு நமக்கும் உண்டு.

இனிக் கூலிக்கு வருவோம். தொடக்கத்தில் ஓவியம் ஒன்றை 25 சென்ட் போன்ற சில்லறைக்கே அவர் கொடுத்தார். பின்னர்த் தம் வீட்டு வாயிலில், பார்வையிட 25 சென்ட் என்று அறிவிப்பும் வைத்தார். இதைப் படிக்கும் பக்திமான்கள் சிலர் முகம் கோணலாம். ‘கலை இறைவனின் கொடையாயிற்றே, அதற்குக் காசா?’ என்பர். பெற்றதை விலையின்றி வழங்கும்படி ஆண்டவரே பணித்தார் என்று மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தையும் காட்டுவர். அதே அதிகாரத்தில், இரண்டே வசனங்கள் தள்ளி, வேலையாள் தம் உணவுக்கு உரிமையுடையவர் என்று அவரே சொல்வதை மட்டும் ஏனோ படிக்கமாட்டார்கள். மேலும், அக்கட்டளை திருத்தூதருக்கு இடப்பட்டது. அவர்தம் வழிவந்த குருக்களாகிய நாங்கள் பூசைக் காணிக்கை பெற்றுக்கொள்கிறோம். பருத்தி எடுப்பதைவிட ஓவியம் வரைவது கடினம், அதற்கு அறிவே வியர்க்க வேண்டும் என்னும் கருத்தினர் அம்மூதாட்டி. அந்த வியர்வைக்கு மட்டும் கூலி இல்லையா?

குற்றப்பத்திரிகையில் என் பெயரையும் எழுதிக்கொள்கிறேன். முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில், கடைப்பலகை எழுதிப் பிழைத்த ஒருவர், எவரிடமும் பயிலாமலே வரையக் கற்றவர், எங்கள் கெபியின் பின்சுவரில் மலையும் ஓடையும் தீட்டித் தந்தார். பத்து நாள் வேறு வேலைக்குச் செல்லவில்லை. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேண்டு வாத்தியக்காரருக்கும் பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுத்தோம். அவருக்கோ திருவிழா மேடையில் பொன்னாடை ஒன்றைப் போர்த்தினேன். “கோவில் வேலைதானே” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டுப் போனார். அந்தப் பத்து நாளும் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. கொடுக்கப்படாத கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கிறது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் அதனையே நினைவூட்டினார். இவற்றையெல்லாம் குருமடத்தில் கற்றுத் தேர்ந்தவன்தான் நான்!

கிளமென்டைன் சில்லறைக்குக் கொடுத்த ஓவியங்கள் பின்னாளில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. போலிகள் வரைந்து விற்றவர் ஒருவர் 2011இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவர் பெயருக்கு விலை ஏறியது. ஒருகாலத்தில் அவரை உள்ளே விடாத அக்கல்லூரி, பல்கலைக்கழகமாக வளர்ந்தபின், 1986இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவர் நூறு வயதை நெருங்கியிருந்தார். 1988 ஜனவரி முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். மெல்ரோஸுக்கு அருகில், சுதந்திரம் பெற்ற கறுப்பின வழிவந்தோர் தங்களுக்கெனத் தாங்களே எழுப்பிய புனித அகுஸ்தீனார் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் துயில்கொள்கிறார். பட்டம் வந்தது, முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது.

ஆகவே, அன்புக்குரியோரே, கலைஞரிடம் பகிர்வைக் கேட்குமுன் இரண்டைக் கொடுப்போம். ஒன்று கூலி, அதைப் பேசிய நாளில், பேசிய அளவில் கொடுப்போம். மற்றொன்று வாசல், அது முன்வாசலாக இருக்கட்டும். இவ்விரண்டையும் பெற்றபின் அவர் மனமுவந்து தருவாரானால், அதுவே காணிக்கை. அதற்குமுன் நாம் வாங்குவதெல்லாம் கடன். அந்தக் கெபியின் சுவர் இன்றும் என் கணக்கில் நிற்கிறது.