ஒளிக்கதிரும் விலைச்சீட்டும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், எனக்கு இலக்கணம் கற்பித்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். சாய்மனைக் கதிரையில் அவர் கிடந்தார். வேட்டியின் மறைவிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாயொன்று கதிரைக் காலிற் கட்டப்பட்ட பையொன்றில் முடிந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் சலம் அடைபட்டுத் துடித்தவரை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டோடி, அக்குழாயினால் உயிர் மீட்டிருந்தனர். வகுப்பறையில் எவருக்கும் அஞ்சாத அம்மனிதர் என் கையைப் பற்றி, "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார்.

மகன் ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். தனியார் வைத்தியசாலையொன்று அச்சிட்டது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, லேசர் ஒளி மட்டுமே என்றது அது. அவ்வொளிக்காக மருமகளின் காப்புகள் அடைவுக்குப் போகவிருந்தன. அரசாங்க வைத்தியசாலையில் வேறொரு சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தனர். ஆயின் "அது பழைய முறை" என்று யாரோ அவர்களை அச்சுறுத்தியிருந்தார்கள். "நீ படிச்சவன். எது நல்லதெண்டு சொல்லு" என்றார் ஆசிரியர். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. தேடிப் படித்தபின் எழுதும் விடையே இக்கட்டுரை.

சலப்பையின் கீழே, சலம் வெளியேறும் வழியைச் சூழ்ந்து நிற்பது முன்னிற்குஞ் சுரப்பி. புரொஸ்டேற் என்று வைத்தியர் கூறுவது இதனையே. இளமையில் ஏறக்குறைய 20 கிராம் நிறையுள்ள இது, முதுமையிற் பருத்து, தான் சூழ்ந்து நிற்கும் வழியையே நெரிக்கின்றது. அறுபதை எட்டிய ஆண்களுட் பாதிப்பேர் வரையில் இவ்வீக்கத்தின் அடையாளத்தைக் காணலாம். இது புற்றுநோயன்று, பாவத்தின் பலனுமன்று. நரைபோல வருவது. எனினும் நரையைப் பேசும் நாம் இதனைப் பேசுவதில்லை. இரவில் ஐந்து முறை எழும் முதியவர், சிறுநீரகம் பழுதாகும்வரை வாய்மூடியிருக்கிறார். இந்த வெட்கமே வியாபாரியின் முதல் மூலதனம். பேசப்படாத நோயைப் பற்றி எந்தப் பொய்யையும் விற்கலாமன்றோ?

அவர்கள் விற்கும் ஒளிதான் யாருடையது? அதன் அடிப்படைக் கருத்தை 1917 இல் ஐன்ஸ்ரைன் வெளியிட்டார். அதன் முன்னோடியான மேசர் 1954 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. அவ்வாய்வுக்கு அமெரிக்க அரசின் படைத்துறைப் பணம் உதவியது. அதே காலத்தில் மொஸ்கோவிற் பாசோவும் புரொக்கொரோவும் அதே வழியில் உழைத்தனர். 1964 இல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் அமெரிக்கரான ரவுண்ஸ் என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1960 இல் முதல் லேசரை இயக்கிக் காட்டிய மைமன் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருந்தவர்தாம். ஆயினும் அவர் ஏறிய படிகள் பொதுமக்களின் பணத்திற் கட்டப்பட்டவை. பகைமுகாம்கள் இரண்டிலும் பிறந்த இவ்வறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. அதனைத் தம் வீட்டுச் சீதனம்போலக் காட்டி விலைகூறுவோரை நாம் கேள்வி கேட்டேயாக வேண்டும்.

இனிப் 'பழைய முறை'யைப் பார்ப்போம். 1926 இல் மக்சிமிலியன் ஸ்ரேர்ண் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்தது அது. சலவழியாகவே கருவியைச் செலுத்தி, மின்வளையத்தாற் சுரப்பியைச் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பர். இதிலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. ஆகவே 'கத்தி இல்லை' என்னும் விளம்பரம், நோயாளிக்கு எவரும் செய்யமுன்வராத வயிற்றுச் சத்திரசிகிச்சையோடு லேசரை ஒப்பிட்டு மிரட்டுகின்றது. மின்வளையத்துக்குக் குறைகள் இல்லையென்பதன்று என் வாதம். இரத்தம் போகும். உள்ளே பாய்ச்சும் கிளைசீன் கரைசல் குருதியிற் கலந்து உப்பின் அளவைக் குறைத்து உயிருக்கு ஊறு செய்வதுமுண்டு. இருமுனை மின்கருவி வந்தபின் உப்புநீரையே பாய்ச்ச முடிந்ததால் அவ்வாபத்துப் பெரிதும் நீங்கிற்று. பழையது பழையதாகவே நின்றுவிடவில்லை என்க.

லேசர் என்பதும் ஒரே பொருளன்று. 1990களின் தொடக்கத்தில் ஒருவகை லேசராற் சுரப்பியை வேகவைத்து விட்டனர். வெந்த தசை மெல்ல மெல்லவே கழன்றது, நோயாளிகள் நெடுநாள் குழாயோடும் எரிவோடும் வருந்தினர், ஆரவாரம் அடங்கியது. பின்னர் வந்த பச்சை லேசர் தசையை ஆவியாக்குகின்றது. குருதி மிகாமற் காப்பது அதன் நன்மை. ஆவியான தசையிற் புற்றுநோய் இருந்ததா என்று சோதிக்க எதுவும் எஞ்சாமை அதன் குறை. ஹொல்மியம் லேசர் முறையோ வேறு: தோடம்பழத்தின் சுளையைத் தோலினின்று பிரிப்பதுபோல வீங்கிய பகுதியை முழுதாகப் பிரித்து, சலப்பையினுள் தள்ளி, அங்கே அரைத்து எடுப்பர். 1990களில் இதனை வளர்த்தவர்கள் கிலிங் முதலியோர். நியூசிலாந்தின் ரௌரங்கா என்னும் மாகாண நகரில் அவர்கள் பணியாற்றினர். மிகப் பருத்த சுரப்பிக்கு வயிற்றைத் திறப்பதற்கு மாற்றாக இது நிற்பது மெய்யான முன்னேற்றம். ஆயினும் இதனைக் கைவரப்பெறச் சத்திரவைத்தியர் பல நோயாளிகளிற் பயிலவேண்டும். பொறியை வாங்கிவிட்டால் கைத்திறனும் பெட்டியோடு வந்துவிடாது.

எது மேல் என்பதை ஆரவாரத்தால் அன்றி ஆய்வால் தீர்மானிக்க முடியும். பிரித்தானியாவின் 7 வைத்தியசாலைகளில் 410 ஆண்கள் பங்குகொண்ட ஆய்வொன்று 2020 இல் லான்செற் இதழில் வெளியாயிற்று. தூலியம் லேசரும் மின்வளையமும் அங்கே நேருக்கு நேர் நிறுத்தப்பட்டன. எது தமக்குச் செய்யப்பட்டதென்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டின் பின் நோய்க்குறிகள் தணிந்த அளவில் இரண்டும் சமம். சலம் பாயும் வேகத்தில் மின்வளையமே ஓரளவு மேம்பட்டது. வைத்தியசாலையிற் தங்கிய காலமும் இரத்தம் ஏற்றவேண்டிய தேவையும் வேறுபடவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு இது. விற்பனையாளனின் பணம் இத்தகைய கேள்வியை இவ்வளவு நேர்மையாகக் கேட்டிருக்குமா?

துண்டுப்பிரசுரம் மறைத்த இன்னொன்றும் உண்டு. இச்சிகிச்சைகளின் பின், மின்வளையமாயினும் ஹொல்மியம் லேசராயினும், பலருக்கு விந்து வெளிவராது சலப்பையினுட் செல்லும். உயிருக்குக் கேடில்லை, ஆனால் முன்னரே அறிந்து இசைவு தருவது மனிதனின் உரிமை. நம் வெட்கத்தைக் காரணமாக்கி அதனைப் பறிப்பது நாகரிகமன்று.

இங்கே எதிர்ப்புறத்தாரையும் கண்டிக்க வேண்டும். "ஏழைக்குப் பழையதே போதும், லேசர் பணக்காரனுக்கு" என்று அமைதி கூறுவோர் நம்மிடையே உளர். இதுவும் அதே வியாபாரத்தின் மறுபக்கம். மிகப் பருத்த சுரப்பியுடையவனும், இருதய நோய்க்காகக் குருதி உறையாமற் காக்கும் மருந்து உண்பவனும் தோட்டத் தொழிலாளியாய் இருக்கலாம். அவனுக்குப் பொருத்தமான லேசர் அரசாங்க வைத்தியசாலையிற் கிடைக்கவேண்டும். பொறியோடு பயிற்சியும், தாதியரும், மருந்தும் வேண்டும். 2022 இன் நெருக்கடியில் மருந்தும் உபகரணமுமின்றிச் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டோம். இலவச வைத்தியம் நலிய நலியத் துண்டுப்பிரசுரத்தின் அச்சு எழுத்துப் பெருக்கும். ஒன்றின் தேய்வே மற்றதன் வளர்ச்சி.

என் ஆசிரியரின் சுரப்பி மிகப் பெரிதன்று. குருதி மருந்தும் அவர் உண்பதில்லை. இவற்றை அரசாங்க வைத்தியசாலையின் நிபுணரிடமே கேட்டறிந்தோம். கேட்டபோது அவர் மறைக்கவில்லை. நாம்தாம் அதுவரை கேட்கவில்லை. குறித்த நாளில் மின்வளையச் சிகிச்சை நடந்தது. சில வாரம் எரிவும் அவசரமும் இருந்தன. இப்பொழுது இரவில் ஒருமுறையே எழுகிறார். காப்புகள் மருமகளின் கையிலே உள்ளன. வேறொருவருக்கு லேசரே தக்கதாய் இருந்திருக்கலாம். அதனை முடிவுசெய்ய வேண்டியது நோயாளியின் உடலேயன்றி அவனது பணப்பையன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! நம் வீட்டு முதியவரிடம் நாமே வாய்திறந்து கேட்போம். எந்த முறை, எதனோடு ஒப்பிட்டு மேலானது, செய்பவர் எத்தனை முறை செய்தவர், பின்விளைவு யாது என்று வைத்தியரிடமும் கேட்போம். தக்க முறை எதுவாயினும் அதனை இலவசமாய்த் தா என்று அரசிடம் கோருவோம்.

இக்கட்டுரை எழுத ஆசிரியரிடம் அனுமதி கேட்டேன். சற்றே சிந்தித்து, "பேரைத் தவிர எல்லாத்தையும் எழுது" என்றார். அவரே தம் வெட்கத்தை வென்றுவிட்டார். நமக்கு இனி என்ன தடை?